அரசு காசு வேண்டாம், ஆனா மையம் நடக்கணும்! வெளிநாடுகளில் சுதந்திர ரஷ்யப் பண்பாட்டு மையங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

ரஷ்யா என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது உக்ரைன் போரும் புதினும்தான். ஆனால் அதே ரஷ்யாதான் டால்ஸ்டாயையும் செகாவையும் உலகத்துக்குக் கொடுத்தது. போர் நடக்கும்போது அந்த இலக்கியத்தையும் இசையையும் என்ன செய்வது? ரஷ்ய அரசைப் பிடிக்காதவர்கள் ரஷ்ய மொழியையும் ஒதுக்கிவிட வேண்டுமா?

இந்தக் கேள்வியைத் தினமும் எதிர்கொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன. ரஷ்யாவுக்கு வெளியே, ரஷ்ய அரசின் கட்டுப்பாடு இல்லாமல் இயங்கும் பண்பாட்டு மையங்கள் அவை. லண்டனில் உள்ள 'புஷ்கின் ஹவுஸ்', பாரிஸில் உள்ள துர்கனேவ் நூலகம் ஆகியவை இதில் முக்கியமானவை. இவை எப்படி உருவாயின? யார் பணம் தருகிறார்கள்? இவற்றை ஏன் ஆதரிக்க வேண்டும், ஏன் கூடாது என்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

அரசு மையம், சுதந்திர மையம்... என்ன வித்தியாசம்?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மொழி வகுப்பு, சினிமா, இசைக் கச்சேரி, நூலகம், எழுத்தாளர் சந்திப்பு என இரண்டிலும் இதேதான் நடக்கும். வித்தியாசம் நிர்வாகத்தில்தான் இருக்கிறது.

ரஷ்ய அரசுக்கு 'ரோஸ்ஸோத்ருத்னிசெஸ்த்வோ' என்றொரு அமைப்பு உண்டு. பெயரைச் சொல்லவே நாக்கு சுளுக்கும்! 2008-ல் உருவாக்கப்பட்ட இந்த அமைப்பு ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. உலகின் பல நகரங்களில் உள்ள 'ரஷ்யன் ஹவுஸ்' மையங்களை நடத்துவது இதுதான். சென்னை ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் உள்ள ரஷ்யன் ஹவுஸும் இந்த வரிசையில் ஒன்று. இதுதவிர, ரஷ்ய மொழியைப் பரப்ப 2007-ல் புதினின் உத்தரவின் பேரில் 'ரூஸ்கி மிர்' என்ற அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது.

சுதந்திர மையத்தில் நிலைமை வேறு. அந்தந்த நாட்டின் சட்டப்படி அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ அது பதிவு செய்யப்பட்டிருக்கும். இயக்குநரை நியமிப்பது மாஸ்கோ கிடையாது, உள்ளூர் நிர்வாகக் குழு. யாரைப் பேச அழைக்கலாம், எந்தப் படத்தைத் திரையிடலாம் என்று முடிவு செய்வதும் அந்தக் குழுதான்.

இதில் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. அரசுப் பணம் வந்தாலே அந்த மையம் மோசம் என்று அர்த்தமில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலுக்கும் ஜெர்மனியின் கோத்தே இன்ஸ்டிடியூட்டுக்கும்கூட அந்தந்த நாட்டு அரசின் நிதி போகிறது. பணம் தரும் அரசு, நிகழ்ச்சிப் பட்டியலில் எந்த அளவுக்குக் கை வைக்கிறது என்பதுதான் முக்கியம்.

இது எப்போது பெரிய பிரச்னையானது?

2022 பிப்ரவரி 24-ல் உக்ரைன் மீது ரஷ்யா முழு அளவில் படையெடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் ரோஸ்ஸோத்ருத்னிசெஸ்த்வோ, ரூஸ்கி மிர் ஆகிய இரண்டு அமைப்புகளையும் ஐரோப்பிய யூனியன் தனது தடைப் பட்டியலில் சேர்த்தது. பண்பாட்டின் பெயரில் ரஷ்ய அரசின் பிரசாரத்தைக் கொண்டு செல்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2025-ல் அஜர்பைஜானும் தன் தலைநகர் பாகுவில் இருந்த ரஷ்யன் ஹவுஸை மூடச் சொன்னது.

இது ரஷ்யாவுக்கு மட்டும் நடந்த கதையில்லை. சீன அரசின் ஆதரவோடு இயங்கும் 'கன்பூசியஸ் இன்ஸ்டிடியூட்' மையங்களை ஸ்வீடன் 2020-க்குள் முழுவதுமாக மூடிவிட்டது. அரசோடு ஒட்டியிருக்கும் மையம், அந்த அரசோடு உறவு கெடும்போது சேர்ந்தே அடிவாங்கும் என்பதற்கு இவையெல்லாம் உதாரணங்கள்.

சரி, சுதந்திர மையங்கள் மட்டும் தப்பித்தனவா? முழுசா தப்பிக்கலை. பெயரில் 'ரஷ்யா' இருப்பதாலேயே அவர்களும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. படையெடுப்பைக் கண்டித்துப் புஷ்கின் ஹவுஸ் வெளிப்படையாகவே அறிக்கை விட்டது. ஒரு அரசு மையத்தால் அப்படிச் செய்திருக்க முடியாது.

புஷ்கின் ஹவுஸ்: 1954-ல் தொடங்கிய வீடு

ரஷ்யாவின் மிகப் பெரிய கவிஞராகக் கொண்டாடப்படும் அலெக்சாண்டர் புஷ்கின் பெயரைத் தாங்கிய இந்த மையம் 1954-ல் லண்டனில் தொடங்கப்பட்டது. 1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவை விட்டு வெளியேறிய குடும்பத்தைச் சேர்ந்த மரியா குல்மன் இதற்கு முன்னின்றார். அவரோடு வேறு சில ரஷ்யப் புலம்பெயர்ந்தோரும் சேர்ந்துகொண்டார்கள்.

அது பனிப்போர்க் காலம். ஸ்டாலின் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் சோவியத் தூதரகம், மறுபக்கம் சோவியத் என்றாலே சந்தேகப்படும் பிரிட்டன். இந்த இரண்டுக்கும் நடுவில், எந்தக் கட்சியும் சாராமல் ரஷ்ய இலக்கியத்தைப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். யாரும் வந்து தங்கள் கருத்தைச் சுதந்திரமாகப் பேசலாம் என்பது அன்றிலிருந்து அடிப்படை விதி.

முதலில் நாட்டிங் ஹில் வட்டாரத்தில் இயங்கிய மையம், 2006-ல் மத்திய லண்டனில் உள்ள புளூம்ஸ்பரி சதுக்கத்துக்கு மாறியது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்து நடந்தே போய்விடலாம். பழமையான ஒரு வீடுதான் கட்டடம். அதற்குள் நிகழ்ச்சிகளும் கண்காட்சிகளும் நடக்கின்றன.

2013-ல் இருந்து ஒரு புத்தகப் பரிசும் வழங்குகிறார்கள். ரஷ்ய மொழி பேசும் உலகைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் சிறந்த கதையல்லாத நூலுக்கு இந்தப் பரிசு. பரிசு வாங்கியவர் பட்டியலைப் பார்த்தாலே மையத்தின் போக்கு புரியும். உக்ரைன் வரலாற்றை ஆய்வு செய்யும் ஹார்வர்டு பேராசிரியர் செர்ஹி புளோகி இந்தப் பரிசை இரண்டு முறை வாங்கியிருக்கிறார். 2015-ல் சோவியத் யூனியன் உடைந்த கதைக்காக, 2019-ல் செர்னோபில் அணு உலை விபத்து பற்றிய நூலுக்காக. மாஸ்கோ பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தலைப்புகள் இல்லை இவை!

பாரிஸின் துர்கனேவ் நூலகம்: நாஜிகள் அள்ளிச் சென்ற புத்தகங்கள்

இன்னொரு கதை இதைவிடப் பழையது. 1875-ல் பாரிஸில் ரஷ்யப் புரட்சியாளர் ஹெர்மன் லோபாட்டின் ஒரு நூலகம் தொடங்கினார். அங்கே படிக்க வந்த ஏழை ரஷ்ய மாணவர்களுக்குப் புத்தகம் வாங்கக் காசில்லை என்பதுதான் காரணம். நாவலாசிரியர் இவான் துர்கனேவ் உதவிக்கு வந்தார். பாடகி பவுலின் வியார்டோவின் வீட்டில் இசையும் இலக்கியமும் சேர்ந்த ஒரு நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார்கள். இன்று 'ஃபண்ட் ரெய்சிங்' என்கிறோமே, அதுதான்!

துர்கனேவ் 1883-ல் மறைந்த பிறகு நூலகத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. பாரிஸில் வசித்த காலத்தில் லெனினும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். 1917-க்குப் பிறகு, அதே லெனினின் ஆட்சிக்குப் பயந்து ஓடி வந்தவர்களும் இங்கேதான் வந்து படித்தார்கள். ஒரே நூலகம், நேர் எதிரான இரண்டு தரப்புக்கும் இடம் கொடுத்தது.

1940-ல் பாரிஸ் ஹிட்லரின் படைகள் வசம் போனது. அப்போது நூலகத்தில் சுமார் 1,00,000 புத்தகங்கள் இருந்தன. கலைப்பொருட்களையும் நூல்களையும் கொள்ளையடிக்கவென்றே நாஜிகள் வைத்திருந்த பிரிவு, மொத்தத்தையும் பெட்டி பெட்டியாகக் கட்டி எடுத்துச் சென்றது. போர் முடிந்தபோது அதில் ஒரு பகுதி சோவியத் தரப்பின் கைக்குப் போனது. கணிசமான நூல்கள் இன்றைய பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்குக்குச் சென்றன. பெரும்பாலானவை பாரிஸுக்குத் திரும்பவே இல்லை.

ஆனாலும் 1959-ல் நூலகத்தை மறுபடியும் தொடங்கினார்கள். வாசகர்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களைக் கொடுத்து மீண்டும் ஒரு சேகரிப்பை உருவாக்கினார்கள். இன்றும் அது பாரிஸில் இயங்குகிறது.

ரஷ்யாவிலேயே இதையெல்லாம் செய்யலாமே?

நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிய நோபல் பரிசுப் பட்டியலைப் பாருங்கள். இலக்கிய நோபல் பெற்ற ரஷ்ய எழுத்தாளர்கள் 5 பேர்.

• இவான் புனின் (1933): நாட்டை விட்டு வெளியேறி பிரான்ஸில் வாழ்ந்தபோது பெற்றார்.
• போரிஸ் பாஸ்டர்நாக் (1958): அவரது 'டாக்டர் ஷிவாகோ' நாவல் சோவியத்தில் மறுக்கப்பட்டு 1957-ல் இத்தாலியின் மிலான் நகரில்தான் வெளியானது. அரசின் நெருக்கடியால் பரிசை மறுக்க வேண்டியதாயிற்று.
• மிகயில் ஷோலகவ் (1965): சோவியத் அரசின் முழு ஒப்புதலோடு பெற்றவர்.
• அலெக்சாண்டர் சோல்செனிட்சின் (1970): 1974-ல் நாடு கடத்தப்பட்டார். முகாம் கொடுமைகளைச் சொல்லும் 'குலாக்' நூலை ரஷ்ய மொழியில் முதலில் வெளியிட்டது பாரிஸில் இயங்கிய ரஷ்யப் பதிப்பகம்.
• ஜோசப் பிராட்ஸ்கி (1987): 1972-ல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு அமெரிக்காவில் குடியேறியவர்.

ஐவரில் நால்வருக்கு அரசோடு மோதல். அவர்கள் எழுத்து பிழைத்ததில் ரஷ்யாவுக்கு வெளியே இருந்த பதிப்பகங்களுக்கும் வாசகர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

இன்றும் அதே நிலைமைதான். 2012-ல் கொண்டுவரப்பட்ட 'வெளிநாட்டு முகவர்' சட்டம் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டது. போரை எதிர்த்த எழுத்தாளர்களான போரிஸ் அகுனின், லுத்மிலா உலிட்ஸ்கயா இருவர் மீதும் 2024-ல் இந்த முத்திரை குத்தப்பட்டது. சோவியத் கால அடக்குமுறையை ஆவணப்படுத்திய 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே அந்த அமைப்புக்கு அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

போருக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் ரஷ்யாவை விட்டு வெளியேறி யெரெவான், திபிலிசி, பெல்கிரேட், பெர்லின் எனப் பல நகரங்களில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ரஷ்ய மொழியை எங்கே படிப்பார்கள்? அரசு மையத்தில் மட்டும்தான் என்றால், அங்கே சொல்லித்தரும் வரலாறும் அரசு வரலாறாகத்தான் இருக்கும். இதனால்தான் சுதந்திர மையம் தேவை என்கிறார்கள் ஆதரவாளர்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

மறுபக்கத்தையும் கேட்கணும். உக்ரைன் தரப்பின் வாதம் கடுமையானது. ரஷ்ய ராணுவம் பிடித்த கெர்சான் நகரில் 2022-ல் புஷ்கின் படம் போட்ட விளம்பரப் பலகைகள் வைக்கப்பட்டன. புஷ்கினுக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லி, இது ரஷ்ய பூமி என்று உரிமை கொண்டாடினார்கள். அதே ஆண்டு, புகழ்பெற்ற ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் இயக்குநர் மிகயில் பியோத்ரோவ்ஸ்கி, வெளிநாடுகளில் ரஷ்யா நடத்தும் கண்காட்சிகளையே ஒரு 'சிறப்பு நடவடிக்கை'யோடு ஒப்பிட்டார். போருக்கு ரஷ்ய அரசு வைத்த பெயரும் அதுதான்.

பண்பாட்டையே ஆயுதமாக எடுத்து வரும்போது அதை எப்படி வெறும் இலக்கியம் என்று எடுத்துக்கொள்வது என்று கேட்கிறார்கள் உக்ரைனியர்கள். அங்கே பல ஊர்களில் புஷ்கின் சிலைகள் அகற்றப்பட்டதற்கும் இதுதான் பின்னணி.

சுதந்திர மையங்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல முடியும். ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு பாலேவும் சமோவாரும் மட்டும் காட்டுவது. மற்றொன்று, ரஷ்ய இலக்கியத்தில் இருக்கும் பேரரசுப் பெருமிதத்தையும் மேடையில் வைத்து விவாதிப்பது, ரஷ்ய மொழியில் எழுதும் மற்ற இனத்தவரையும் உக்ரைனியரையும் பேச அழைப்பது. இரண்டாவது வழி கஷ்டமானது. ஆனால் 'சுதந்திரம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் வருவது அந்த வழியில்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கொள்கை பேசலாம், கரன்ட் பில் யார் கட்டுவது? சுதந்திர மையங்களுக்குப் பொதுவாகப் பணம் வரும் வழிகள் இவைதான்:

• மாத, வருட உறுப்பினர் சந்தா
• நிகழ்ச்சி டிக்கெட், மொழி வகுப்புக் கட்டணம்
• புத்தகக் கடை வருமானம், அரங்கத்தை வாடகைக்கு விடுவது
• தனியார் அறக்கட்டளைகளின் நல்கை
• பெரிய நன்கொடையாளர்கள்
• இறந்தவர்கள் உயிலில் எழுதி வைக்கும் தொகை

இதில் பெரிய நன்கொடை கிடைத்தால் வேலை சுலபம். ஆனால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் ஆர்ட்ஸ் ரஷ்ய மையம் இல்லை, பிரிட்டனின் பழம்பெரும் கலை நிறுவனம். அதன் அறங்காவலர்களில் ஒருவராக இருந்த ரஷ்யக் கோடீஸ்வரர் பியோதர் அவென், ஐரோப்பிய யூனியனின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் 2022 மார்ச்சில் பதவி விலகினார். நடந்துகொண்டிருந்த கண்காட்சிக்கு அவர் கொடுத்த நன்கொடையை அகாடமி திருப்பிக் கொடுத்தது. பெரிய நிறுவனம் என்பதால் தாங்கியது. ஒரே ஆளை நம்பியிருக்கும் சின்ன மையம் என்றால் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

சின்னத் தொகை பெரிய பலம்: ஒரு எளிய கணக்கு

உதாரணத்துக்கு ஒரு மையத்துக்கு 500 பேர் மாதம் 10 பவுண்ட் நன்கொடை தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60,000 பவுண்ட். பிரிட்டனில் 'கிஃப்ட் எய்டு' என்றொரு வசதி இருக்கிறது. வரி கட்டும் ஒருவர் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு 1 பவுண்ட் கொடுத்தால், அந்த அறக்கட்டளை வரித்துறையிடம் இன்னும் 25 பென்ஸ் கேட்டு வாங்கலாம். ஆக, 60,000 என்பது 75,000 ஆகிவிடும்.

இதில் 20 பேர் நின்றுவிட்டால் குறைவது, வரிச் சலுகையையும் சேர்த்து 3,000 பவுண்ட்தான். ஆனால் ஒரே ஆள் 75,000 கொடுத்துக்கொண்டிருந்து, ஒரு நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்று நிறுத்தினால்? மொத்தமும் போச்சு. 500 பேரும் ஒரே நேரத்தில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் இந்தக் கணக்கின் சூட்சுமம்.

பிரான்ஸில் வேறு முறை. தகுதியுள்ள சங்கத்துக்குத் தரும் நன்கொடையில் 66 சதவீதத்தை, ஒருவர் தன் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வரிக்குரிய வருமானத்தில் 20 சதவீதம் வரைதான் இதற்கு அனுமதி.

இன்னொரு விஷயமும் கவனிக்கணும். நன்கொடையாளர்கள் பலர் 'கண்காட்சிக்கு மட்டும்', 'பரிசுக்கு மட்டும்' என்று நிபந்தனை போட்டுத் தருவார்கள். அந்தப் பணத்தில் கூரை ஒழுகுவதைச் சரிசெய்ய முடியாது, ஊழியருக்குச் சம்பளம் தர முடியாது. அதனால்தான் நிபந்தனை இல்லாத சின்னத் தொகையைப் பல மையங்கள் பெரிதாக மதிக்கின்றன.

உண்மையிலேயே சுதந்திர மையம்தானா? இந்த 5 கேள்விகளைக் கேளுங்க

1. நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்களை நியமிப்பது யார்?
2. வரவு செலவுக் கணக்கைப் பொதுவில் வைக்கிறார்களா? பிரிட்டனில் ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டும் அறக்கட்டளைகளின் கணக்கை, அறக்கட்டளை ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.
3. கட்டடம் யாருடையது? தூதரகம் கொடுத்த இடம் என்றால், ஒரு கடிதத்தில் காலி செய்யச் சொல்லிவிடலாம்.
4. ஒரே நன்கொடையாளரிடம் இருந்து வருமானத்தில் பெரும்பகுதி வருகிறதா?
5. அரசுக்குப் பிடிக்காத எழுத்தாளர் யாராவது அந்த மேடையில் பேசியிருக்கிறாரா?

முதல் நான்குக்கும் காகிதத்தில் பதில் கிடைக்கும். ஐந்தாவதுக்கு, கடந்த இரண்டு வருட நிகழ்ச்சிப் பட்டியலைப் புரட்டினாலே போதும்.

பணம் தராமலும் உதவ முடியுமா?

முடியும். நிகழ்ச்சிகளுக்கு நேரில் போவதும் இணையவழி உரைகளுக்கு டிக்கெட் வாங்குவதும் முதல் உதவி. மொழி தெரிந்தவர்கள் மொழிபெயர்த்துத் தரலாம். புகைப்படம் எடுப்பது, கணக்கு பார்ப்பது, பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்வது போன்ற வேலைகளுக்குத் தன்னார்வலர்கள் தேவைப்படுவார்கள். புத்தகம் கொடுக்க நினைத்தால் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. ஏற்கெனவே பத்துப் பிரதி இருக்கும் நூலைக் கொண்டுபோய் இறக்கினால் அவர்களுக்கு அது கூடுதல் வேலை.

தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த பாடம்

இதெல்லாம் நமக்கு ரொம்ப தூரத்து விஷயம் இல்லை. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்கள் நம்ம ஊர் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. கெட்டி அட்டை, அழகான படங்கள், குறைந்த விலை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் அவை தமிழ்நாட்டின் சிற்றூர் வரை போய்ச் சேர்ந்தன. ஒரு தலைமுறை ரஷ்ய இலக்கியத்தைப் படித்ததே அப்படித்தான்.

அது சோவியத் அரசின் பணம். நல்லதும் செய்தது, கூடவே அரசு விரும்பியதை மட்டும் தேர்ந்தெடுத்தும் அனுப்பியது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் அந்தப் புத்தக வரத்தும் நின்றுபோனது. வாசகர்கள் இருந்தார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். பணம் தந்த அரசு மட்டும்தான் இல்லை.

பாரிஸ் நூலகம் நாஜிகளிடம் மொத்தப் புத்தகத்தையும் இழந்த பிறகும் எழுந்து நின்றது. லண்டன் மையம் சோவியத் யூனியன் உடைந்ததையும் பார்த்துவிட்டு இப்போது உக்ரைன் போரையும் பார்க்கிறது. இரண்டுக்கும் பின்னால் பெரிய அரசு எதுவும் இல்லை, சந்தா கட்டியவர்களும் புத்தகம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அந்த எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி இந்த மையங்களுக்கு முன்னால் இருக்கும் பெரிய சவால்.